முன்னரே உள்ளது

மேசைமேல் மாலைப் பேப்பரை விரித்து
அதன்மேல் வைத்திருந்தார்கள் துப்பாக்கியை,
பொட்டலம் பிரித்த வஞ்சிரத் துண்டு மாதிரி.
"டெல்லிபாபு, நீ லேத்துக்காரன்.
இது சுத்துமா சுத்தாதா, அத்த மட்டும் சொல்லு"
என்றார் ரைட்டர் நவநீதம்.

சுற்றியது.
சுத்தியலைப் பெருவிரலால் இழுக்க
உருளை ஓர் அறை நகர்ந்து
டக்கென்று நின்றது.
அந்த டக் எனக்குத் தெரியும்.

ஏழு வருஷம் முன்னால், காசிமேட்டில்,
தேசப்பன் போட்டில் வலை இழுக்கும் வின்ச்
பின்னால் உருண்டு
ஒரு பையனின் இரண்டு விரலைத் தின்றது.
அதற்காகச் செய்தேன் ஒரு பூட்டு:
பல்சக்கரம் ஒன்று, நாக்கு ஒன்று,
நாக்கின் முதுகில் சின்னதாய் ஒரு சரிவு.
முன்னால் போகும். பின்னால் வராது.
தம்புசெட்டித் தெரு மூன்றாம் மாடியில்
ஏஜென்ட் கோத்தாரி
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"போட்டுடலாம் பாபு" என்றார்.
மகளின் காப்பை அடகு வைத்தேன்
காப்புரிமைக்கு.

பதினாறு மாதம் கழித்து வந்த கடிதத்தில்
ஒரு வரிதான் புரிந்தது:
முன்னரே உள்ளது.
கூடவே ஒரு படம். வின்ச் இல்லை,
ரிவால்வர்.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு.

அதற்கப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டு
ராத்திரி ராத்திரி அந்தப் படங்களோடுதான் இருந்தேன்.
கல்கத்தாவுக்கு வந்த கப்பலில்
சுக்கான் சக்கரம் சுற்றி நிற்பதைப் பார்த்து
பதினாறு வயதுப் பையன் ஒருத்தன்
மரத்தில் செதுக்கினானாம்.
கதைதான்.
சக்கிமுக்கிக் கல் வைத்து, உருளையைக் கையால் திருப்பும் ஒன்று
அவனுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டது என்கிறார்கள்.
முன்னரே உள்ளதற்கும்
முன்னரே உள்ளது.

இன்னொருத்தன்
உருளையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
முழுசாகத் துளைத்தவன்.
ஓட்டை. வெறும் ஓட்டை.
அதற்கு உரிமை வாங்கினான்.
துப்பாக்கிக்குக் கால் டாலர் வந்தது.
கோர்ட்டுச் செலவும் தன் தலையில்தான் என்று
முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தான்.
வந்ததில் பாதிக்குமேல் வக்கீலுக்குப் போனது.
அவனை நினைத்தால் சிரிப்பு வரும் எனக்கு.
கொஞ்ச நேரம்தான்.

டீ சொன்னார் ரைட்டர்.
உருளையைக் கழற்றினேன்.
ஐந்து அறை. கண்ணளவில் போட்டது.
மூன்றாவது சாய்ந்திருந்தது,
சுட்டால் சுட்டவன் கைதான் போகும்.
ஆனால் பின்பக்கம்
பல்சக்கரம், நாக்கு,
நாக்கின் முதுகில்
சின்னதாய் ஒரு சரிவு.

அந்தப் பழைய படத்தில் சரிவு கிடையாது.
நான் பார்த்த எந்தப் படத்திலும் கிடையாது.
உப்புத் தண்ணியில் நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று
விரல் போன பையனை நினைத்து
அரத்தால் நான் உரசி உரசி எடுத்தது அது.

"யார் வேலைன்னு தெர்தா?"

ஏழு வருஷத்தில் முதல்முறையாக
ஒருத்தர் கேட்கிறார்.
கோத்தாரிகூடக் கேட்டதில்லை.
அவர் தலைக்குமேல் ஆணியில்
தொங்கிக்கொண்டிருந்தது போலீஸ் காப்பு.
அதிலும் பல். அதிலும் நாக்கு.
முன்னால் போகும்.
பின்னால் வராது.

"தெரியாது சார்."

டீ ஆறி ஆடை படிந்திருந்தது.
வெளியே நாற்பது போட்டிலாவது
என் பூட்டு ஓடுகிறது,
எவனெவனோ பார்த்துச் செய்தது, எனக்கு ஒரு பைசா கிடையாது.
அதில் எந்த வின்ச்சுப் பக்கத்தில் உட்கார்ந்து
எவன் சிகரெட் அட்டையில் வரைந்து போனானோ.

ஐஸ் பாக்டரி முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.
"சார், அந்த மூணாவது ஓட்டை.
யாரும் சுட்டுப் பாக்க வேணாம்னு எழுதிக்கோங்க."
எழுதினார்.
பேருக்குக் கீழே கையெழுத்து வாங்கினார்.
தொழில்: கடைசல்.